காலடி எண்

வாடிக்கையாளரின் தலையில் சாயம் ஊறிக்கொண்டிருந்த நேரத்தில், பார்லர்க்காரி ஆவி படிந்த கண்ணாடியில் விரலால் தண்ணீர் தயாரித்துக்கொண்டிருந்தாள். H₂, கூட்டல், O₂. அம்புக்குறிக்கு அந்தப் பக்கம் H₂O. இங்கே இரண்டு ஆக்சிஜன், அங்கே ஒன்றுதான். மிச்சமிருந்தது எங்கே போகும் என்று யோசித்தவள் கண்ணாடிக்குள்ளேயே போய்விட்டாள். உள்ளே எல்லாம் கைகோத்து மிதந்துகொண்டிருக்க, ஒன்று மட்டும் பஸ்ஸைத் தவறவிட்டதுபோல் நின்றது. பாவமாக இருந்தது. O-வின் காலடியில் ஒரு குட்டி 2 போட்டு அதையும் ஏற்றிக்கொண்டாள். கணக்கு சரி.

பள்ளிவிட்டு வந்த மகள் பின்னாலிருந்து சொன்னாள். "அம்மா, இது தண்ணியே இல்ல."

"பின்ன?"

மகள் அலமாரியிலிருந்த பெராக்சைடு பாட்டிலைக் காட்டினாள். "முடியை வெளுக்கிறியே, அது. யாராவது தாகம்னு கேட்டா இதைத்தான் குடுப்பியா?"

"கைப்பழக்கம்டி."

"காலடி நம்பரைத் தொட்டா ஆளே மாறிடும்மா. முன்னாடி மட்டும்தான் போடணும்."

வருகிறவர்களை வேறு ஆளாக்கி அனுப்புவதையே பிழைப்பாக வைத்திருப்பவளுக்கு இது கொஞ்சம் கொடுமையான சட்டம்தான்.

பாதியில் விட்ட பத்தாம் வகுப்பை அவள் தனித்தேர்வராக எழுதப்போகிறாள். மகளுக்கும் அதே தேர்வு. போதாக்குறைக்குத் தேர்வு மையமும் மகளின் பள்ளியாகவே வந்து தொலைத்தது.

"அங்க என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதம்மா. கிண்டல் பண்ணியே கொன்னுடுவாளுங்க."

"யாருன்னு கேட்டா?"

"யாரோ."

"சரி, யாரோ." பார்லர்க்காரி சிரித்தாள். சிரிப்பு முடிந்த பிறகும் வாய் அப்படியே இருந்தது. மூட மறந்துவிட்டாள்.

அறிவியல் தேர்வன்று பெஞ்சுக்குள் முழங்கால் நுழையவில்லை. இரும்பு துருப்பிடிப்பதற்குச் சமன்பாடு கேட்டிருந்தார்கள். அவள் ஜன்னல் கம்பியைப் பார்த்தாள். இரும்பு பொடிப்பொடியாக எழுந்து வெளிச்சத்தில் மிதந்தது. காற்று வந்து ஒவ்வொன்றின் கையையும் பிடித்தது. அவசரமே இல்லை. யாரையும் மாற்றாமல், முன்னால் மட்டும் எண்களைப் போட்டு, அழித்து, மறுபடி போட்டாள். நாலு இரும்பு, மூன்று ஆக்சிஜன், அந்தப் பக்கம் இரண்டு துரு.

வெளியே வந்ததும் கொடுத்த வாக்குப்படி சைக்கிள் கொட்டகை ஓரமாக ஒதுங்கி நின்றாள். மைதான நடுவில் மகளின் கூட்டம் விடைகளைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தது. தோழிகள் முதுகைக் காட்டி நின்றதால் மகளின் முகம் மட்டும் தெரிந்தது. பார்லர்க்காரி தரையைப் பார்த்துக்கொண்டாள். யாரோவுக்கு அதுதான் அழகு.

நிமிர்ந்தபோது, தலைகளுக்கு மேலே மகளின் கை உயர்ந்திருந்தது. நாலு விரல். பிறகு மூன்று. பிறகு இரண்டு. புருவம் மட்டும் கேட்டது: அப்படித்தானே?

யாரிடம் கேட்கிறாள் என்று தோழிகள் ஒவ்வொருத்தியாகத் திரும்பினார்கள். சாயக்கறை படிந்த கை, பார்லர்க்காரியைக் கேட்காமலேயே, மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தது.