மஞ்சள் கருவில் வைத்து அனுப்பியது

தாய்க்கோழிகளை விற்றே தீருவதென்று என் வீட்டுக்காரர் ஒற்றைக்காலில் நின்றார். அவருக்கென்ன, நிற்பார். கோழிகளால்தான் நிற்க முடியவில்லை. போன மழையில் ஏதோ வைரஸ் மூட்டில் இறங்கி, காலெல்லாம் வீங்கி, பிழைத்தவற்றில் பாதி நொண்டின.

ஆனால் அவை குஞ்சிலிருந்து நான் வளர்த்தவை. மனசு கேட்கவில்லை.

"நோய் போய் முட்டை போடுதுங்க. ஒரு தடவை குஞ்சு பொரிச்சுப் பார்ப்போங்க. அதுங்களும் நொண்டினா நானே வண்டியில ஏத்தி விடறேன்" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

இன்குபேட்டரில் பொரித்த குஞ்சுகள் தனியாக இருந்த குஞ்சு ஷெட்டில் பாதிகூட நிறையவில்லை. இவர் வெளியில் குஞ்சு வாங்கி, அடையாளத்துக்கு இறக்கையில் நீல வில்லை குத்தி, ஒன்றாகவே விட்டார்.

சில வாரம் கழித்து ஒருநாள் காலை, அடுப்படிக்கே வந்தார்.

"உன் நொண்டி மகாராணிங்க வேலையைக் காட்டிட்டாங்க. குஞ்சுங்க கால் வீங்கிக் கெடக்கு. வியாபாரியை வரச் சொல்லிட்டேன்."

ஓடினேன். எழ முடியாமல் கிடந்த ஒன்றைத் தூக்கினேன். நீல வில்லை. அடுத்ததும் நீலம். அதற்கடுத்ததும். வில்லை இல்லாதவை என் கைக்கு அகப்படாமல் ஓடின.

கால்நடை டாக்டரம்மா வந்து பார்த்தார். "தாய்க்கோழி ஷெட்டுக்கும் இதுக்கும் ஒரே பூட்ஸா சார்? அதுல ஒட்டித்தான் கிருமி இங்க வந்திருக்கு" என்றார். இவர் குனிந்து தன் காலையே பார்த்தார்.

"அப்போ எங்க குஞ்சுக்கு மட்டும் ஏன் வரல?" என்றேன்.

"தாய் நோயில மீண்டப்போ உண்டான எதிர்ப்புச் சக்தி மஞ்சள் கருவோட வந்திருக்கும்மா. சின்னதுல அதுதான் காவல்."

இந்தக் குஞ்சுகள் தாயின் முகத்தைப் பார்த்ததில்லை. பொரித்தது ஒரு பெட்டி, சூடு கொடுத்தது பல்பு. இருந்தும், நடக்கவே முடியாத ஒருத்தி, தான் பட்ட பாட்டைப் பிள்ளை படாதபடி, ஓடு மூடும் முன்பே உள்ளே வைத்து அனுப்பியிருக்கிறாள். தினமும் கூடை கூடையாக நான் பொறுக்கிய முட்டைகள்! எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

வியாபாரியின் வண்டி ஹாரன் அடித்தது. இவர் போய் அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, தாய்க்கோழி ஷெட் வாசலில் பூட்ஸைக் கழற்றினார். மாற்று ஜோடியை மாட்டிக்கொண்டும் உள்ளே போகாமல் வலையைப் பிடித்தபடி நின்றார். உள்ளே ஒரு கோழி காலை இழுத்து இழுத்துத் தண்ணீருக்குப் போய்க்கொண்டிருந்தது.

"தண்ணியை அது பக்கத்துல வைக்கணும்" என்றார்.