தூக்குவாளியில் பன்னிரண்டு சொல்

என் கணவர் மெர்வின் வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னும் ஒரு தடவை இழுப்பார். கல்யாணமான புதிதில் நான் இதைப் பொறுப்பு என்று நினைத்தேன். சென்னைக்குப் போகிற ரயிலை இரண்டு முறை விட்ட பிறகு அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறேன். அதை வீட்டுக்குள் மட்டும் சொல்வேன்.

அவர் பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார். நான் குழந்தைகள் வண்ணம் தீட்டும் புத்தகங்களுக்குப் படம் வரைகிறேன். வெளிநாட்டில் ஒரு சின்னப் பதிப்பகம் என் படங்களை வாங்கிக்கொண்டு கூலியைப் பிட்காயினாகத் தருகிறது. வங்கி வழியாக அனுப்பினால் கமிஷனிலேயே கால்வாசி போய்விடுகிறதாம். எனக்கு எதுவானாலும் சரி, வந்தால் போதும் என்றிருந்தேன்.

அந்தக் காசுக்கு ஒரே ஒரு வேலை வைத்திருந்தேன். மாடியில் ஒரு அறை கட்ட வேண்டும். தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்த மார்கழியில் ஏரலில் இருந்த என் மாமியார் பாக்கியவதியின் வீட்டுக்குள் ஆறு புகுந்தது. அத்தை எங்களோடு வந்துவிட்டார்கள். நான் படம் வரைந்துகொண்டிருந்த அறை அத்தைக்குப் போனது, நான் சாப்பாட்டு மேசைக்கு வந்தேன். அத்தை நல்லவர்கள். ஆனால் நான் வரைந்த யானை மேல் மீன்குழம்புச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "யானைதானே, கருப்பாத்தான் இருக்கும்" என்பார்கள். எனக்கு ஒரு கதவு வேண்டும், அதற்குப் பின்னால் ஒரு மேசை வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

பிட்காயின் அதுவரை அதை விற்றுத் தருகிற இணையதளத்திலேயே கிடந்தது. "அது அடுத்தவன் பீரோல நம்ம நகைய வச்ச மாதிரி. நம்ம கம்ப்யூட்டர்லயே ஒரு வாலட் போட்டு வைப்போம்" என்றார் மெர்வின். பிட்காயினை வைத்துக்கொள்கிற மென்பொருளுக்கு வாலட் என்று பெயர். எந்த வாலட் என்பதில்தான் இரண்டு மாதம் போனது.

நான் பார்த்து வைத்திருந்தது எளியது. ஒரு கடவுச்சொல், உள்ளே போனால் பெரிய பச்சைப் பொத்தான், தட்டினால் அனுப்பிவிடும். மெர்வின் பார்த்து வைத்திருந்ததைத் திறக்கவே பத்து நிமிடம் ஆகும். இறக்கிய கோப்பு அசல்தானா என்று முதலில் சோதிக்க வேண்டும். பிறகு ஒரு கடவுச்சொல், அதற்குப் பிறகு இன்னொன்று.

"லேசாத் திறக்கது திருடனுக்கும் லேசாத்தான் திறக்கும்" என்றார்.

"எனக்கே திறக்காத பெட்டி எனக்கு எதுக்கு?"

"நீ பைய யோசி. காசு யாருக்கு?"

"எனக்கு. அதான் கேக்கேன்."

அத்தை நடுவில் வந்து, "பஜார்ல நல்ல தோல் பர்ஸே இருக்கே, ஜிப் வச்சது. அதுக்கா ரெண்டு பேரும் இப்படி மல்லுக்கட்டுதீங்க?" என்று கேட்டார்கள். அன்றைக்கு அந்த வீட்டில் பேசப்பட்டதில் தெளிவான யோசனை அதுதான்.

கடைசியில் மெர்வினுடையதுதான் வந்தது. பேசிப் பேசி என் வாய் வலித்துவிட்டது, அவருக்கு வலிக்கவில்லை. வாலட்டை நிறுவியதும் திரையில் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் வந்தன.

"இந்தப் பன்னெண்டு வார்த்ததான் சாவி. கம்ப்யூட்டர் செத்தாலும் இத வச்சு வேற எதுல வேணும்னாலும் எடுத்திரலாம். ஒருதடவ நல்லா பாத்துக்கோ. பாத்ததும் மறந்திரு."

"மறக்கதுக்கு எதுக்குப் பாக்கணும்?"

அவர் திரையை என் பக்கம் திருப்பினார். நான் பார்த்தேன். அன்று சாயங்காலத்துக்குள் பதிப்பகத்துக்கு ஒரு பக்கம் அனுப்ப வேண்டியிருந்தது. என்ன வரைவது என்று காலையிலிருந்து தலையைச் சொறிந்துகொண்டிருந்தேன். எதையோ வரைந்து அனுப்பிவிட்டு, அவர் சொன்னபடி எல்லாவற்றையும் மறந்தும் போனேன்.

ஒரு தாளில் எழுதிக்கொண்ட சொற்களைக் காகிதத்திலேயே விட்டுவைக்க மெர்வினுக்கு மனமில்லை. ஏரல் வெள்ளத்தில் வீட்டுப் பத்திரம், ஞானஸ்நானச் சான்றிதழ் எல்லாம் கூழாகிப் போயிருந்தன. திரும்பக் கிடைத்தது எவர்சில்வர் பாத்திரங்கள் மட்டும்தான். ஒரு குடம் அடுத்த தெருவுக்கே மிதந்து போயிருந்தது. அதில் மாமாவின் பெயர் வெட்டியிருந்ததால் 'தே. தேவசிகாமணி, ஏரல்' என்று படித்துப் பார்த்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாமா இறந்து எட்டு வருடமாகிறது, பெயர் மட்டும் பளிச்சென்று இருந்தது.

"வெளிநாட்டுல இந்த வார்த்தைகள வெட்டதுக்குன்னே இரும்புத் தகடு அஞ்சாயிரத்துக்கு விக்கான். நம்ம ஊர்ல பாத்திரம் வாங்குனா பேரு சும்மாவே வெட்டித் தாரான்" என்றார் மெர்வின். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை.

திருநெல்வேலி டவுன் ரத வீதியில் ஒரு பாத்திரக் கடைக்குப் போய் ஒரு தூக்குவாளி வாங்கினோம். பெயர் வெட்டுகிறவர் சேக் முகம்மது, பேனா போன்ற மெஷினைப் பிடித்துக்கொண்டு வாசலருகே உட்கார்ந்திருந்தார். சொற்கள் எழுதிய தாளை அவரிடம் கொடுக்க மெர்வின் சம்மதிக்கவில்லை. ஒவ்வொன்றாகச் சொல்வேன் என்றார்.

"சொல்லுங்க. என்ன போடணும்?"

"கேட்."

"என்ன கேக்கணும்?"

"ஒண்ணும் கேக்காண்டாம் அண்ணாச்சி. கேட்னு வெட்டுங்க."

மெஷின் கிர்ரென்றது. வேறு இரண்டு மூன்று போன பிறகு மெர்வின், "பேர்" என்றார்.

"அதத்தான கேக்கேன்? என்ன பேரு?"

"பேர்தான் அண்ணாச்சி. பேர்னே வெட்டுங்க."

சேக் முகம்மது மெஷினை அணைத்தார். மெர்வினைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத்தன வருசத்துல பேருன்னே பேரு வெட்டுறது இதான் மொதத் தடவ" என்று சொல்லிவிட்டு மறுபடி போட்டார்.

"இங்கிலீஷ்லயே வெட்டச் சொல்லலாம்லா?" என்று மெர்வினிடம் மெதுவாகக் கேட்டேன்.

"தமிழ்லயே இருக்கட்டும். எந்த நாட்டுல இருந்து ஹேக் பண்ண வந்தாலும் அவனுக்குத் தமிழ் தெரியவா போவுது?"

எனக்கும் அது புத்திசாலித்தனமாகவே பட்டது. வீட்டுக்கு வந்து மெர்வின் தாளை அடுப்பில் காட்டி எரித்தார், சாம்பலைச் சிங்க்கில் கரைத்தார். என் காசு முழுவதும் புது வாலட்டுக்கு மாறியது, தூக்குவாளி பரணில் ஏறியது.

ஐப்பசியில் ஒரு இடி விழுந்தது. கம்ப்யூட்டருக்கு எத்தனையோ பூட்டுப் போட்டிருந்த மெர்வின் அன்று பிளக்கைப் பிடுங்க மறந்திருந்தார். உள்ளே எல்லாம் கருகிவிட்டது. "பதறாத, வாளி இருக்கு" என்றார். பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, வாலட்டை நிறுவி, வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் சொல்லிலேயே விரல் நின்றுவிட்டது.

வாளியில் 'கேட்' என்றிருந்தது. கேட் என்றால் பூனையா, வாசல் கேட்டா? அடுத்தது 'கோட்'. அது ஆடா, ரகசியக் குறியீடா? டாக் என்பது நாயா, பேச்சா? பேர் என்பது பழமா, ஜோடியா? சீட் என்பது விதையா, உட்காருகிற சீட்டா? ரைட் வலதா, எழுதுவதா, சவாரியா? தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்துத்தான். சொன்ன நாளில் அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. பிறகு பாதுகாப்புக்காகக் கஷ்டப்பட்டு மறந்திருந்தார். மெர்வின் எதையாவது செய்கிறேன் என்றால் ஒழுங்காகச் செய்துவிடுவார்.

"மொத்தம் தொண்ணூத்தாறு விதம்தான். ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்தா தீந்துது."

யாராயிருந்தாலும் ஒரு நாளில் முடித்திருப்பார்கள். மெர்வின் ஒவ்வொரு தடவையும் நெட்டைத் துண்டித்து, திரைச்சீலையை இழுத்துவிட்டு, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டு, பிறகுதான் சொற்களை அடித்தார். ஒரு நாளைக்கு ஐந்து தேறியது. அதிலும் முதல் சொல் பூனைதான் என்று அடித்துச் சொன்னார். "திரையில பாத்தது நல்லா ஞாபகம் இருக்கு." பூனையை வைத்து எல்லா விதமும் போட்டுப் பார்த்தார். ஒன்றும் திறக்கவில்லை. தட்டச்சில் எங்கேயோ பிழை விட்டிருப்பேன் என்று பூனையை வைத்தே முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"கேட்டப் போட்டுப் பாருங்க" என்றேன்.

"வரிசைய மாத்துனா குழம்பிரும்."

கொத்தனார் வந்து, "மாடி வேல இந்த மாசம் உண்டா, இல்ல வேற இடம் பாக்கவா?" என்று கேட்டார். வேறு இடம் பார்க்கச் சொன்னேன். அன்று நான் அழுதேன். துக்கம் பாதி, ஆத்திரம் பாதி. மூன்று வருடம் சாப்பாட்டு மேசையில் குனிந்து வரைந்த கூலி பரணில் ஒரு தூக்குவாளியாக உட்கார்ந்திருந்தது. மெர்வின் பக்கத்தில் வந்து நின்றார். "என் சம்பளத்துல பைய பைய கட்டிரலாம் ஸ்டெபி" என்றார். "உங்க சம்பளத்துல கட்டுனா அது உங்க ரூம்" என்றேன். அவர் முகம் சுருங்கிப் போனது. எனக்கு அப்போது இரக்கம் வரவில்லை.

அந்த வாரம் பதிப்பகத்திலிருந்து என் புத்தகத்தின் பிரதிகள் தபாலில் வந்தன. பார்சலைப் பிரிக்கக்கூட எனக்கு மனமில்லை. அத்தை எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி நடத்துகிறார்கள். அவர்கள் பிரித்து ஒன்றை எடுத்துக்கொண்டு போய், நல்லதாக ஒரு பக்கத்தைப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஜெராக்ஸ் எடுத்து, வண்ணம் தீட்டச் சொல்லிப் போட்டி வைத்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தால் வராந்தாச் சுவர் முழுக்க அந்தப் படம் ஒட்டியிருந்தது. ஒரே படம்தான், முப்பது விதமான வண்ணத்தில். மெர்வின் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஆட்டுக்கு யாராவது பச்ச அடிப்பாங்களா?" என்றார்.

நானும் பார்த்தேன். வாசல் கேட்டுக்கு மேலே ஒரு ஆடு எட்டிப் பார்க்கிறது. பேரிக்காய் மரத்தடியில் ஒரு நாய் நிற்கிறது. ஒரு சிறுமி விதை தூவுகிறாள். ஒரு பையன் கழுதைச் சவாரி போகிறான், அவன் கையில் குடை. ஓரத்தில் ஜன்னல், ஜன்னலில் எலுமிச்சம்பழம். குடையும் ஜன்னலும் எலுமிச்சையும் வாளியிலேயே குழப்பமில்லாமல் இருந்தவை. படத்தில் பூனை எங்கேயும் இல்லை.

அந்தச் சொற்களைத் திரையில் பார்த்துவிட்டு, என்ன வரைவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த அன்றைக்கு நான் எதை வரைந்து அனுப்பினேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மறந்துவிடு என்றால் மூளை மறக்கும், கை மறக்காது போலிருக்கிறது.

தலைவலி என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். திரைச்சீலையை இழுக்கவில்லை, நெட்டைத் துண்டிக்கவில்லை. வாளியை மேசையில் வைத்துக்கொண்டு கேட்டில் தொடங்கி அடித்தேன். திறந்துவிட்டது. மூன்று வருடமும் அப்படியே உள்ளே இருந்தது. நான் சத்தம் போட்டுச் சிரித்தேன், பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மெர்வினும் அத்தையும் வருவதற்குள் எல்லாவற்றையும் எளிய வாலட்டுக்கு மாற்றிவிட்டேன். விஷயத்தைச் சொன்னதும் மெர்வின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"சுவர்லயா ஒட்டியிருக்கு?"

"சுவர்லயும் இருக்கு. புத்தகம் விக்கிற ஊர்லயெல்லாம் இருக்கு."

"எம்மா, அந்தப் படத்தையெல்லாம் உடனே எடுக்கணும்!"

"எதுக்குல எடுக்கணும்? அடுத்த வாரம் பரிசு இருக்கு. பச்ச ஆட்டுக்குத்தான் முதல் பரிசு" என்றார்கள் அத்தை.

"எடுக்காண்டாம். அதுல இப்ப ஒண்ணும் இல்ல, எல்லாத்தையும் மாத்திட்டேன்" என்றேன்.

அவர் மேசையிலிருந்த வாளியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "புதுசுக்குச் சாவி எங்கன வச்சிருக்க?" என்று கேட்டார்.

"இருக்கு."

மேற்கொண்டு கேட்க வாய் திறந்தார், மூடிக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் இழுத்துப் பார்க்காமல் விட்ட முதல் பூட்டு அது. அப்போதுதான் அவர் மேல் எனக்கு இரக்கம் வந்தது, கொஞ்சம் அன்பும் வந்தது.

தை மாதம் அறை எழும்பியது. கதவு மாட்ட வந்த ஆசாரி என்ன பூட்டு வேண்டும் என்று கேட்டார். மெர்வின் ஏற்கெனவே கடையில் விசாரித்து ஏழு லீவர் பூட்டு ஒன்றைக் கையில் வைத்திருந்தார்.

"பூட்டு வேண்டாம். உள்பக்கம் ஒரு தாழ்ப்பா போதும்" என்றேன்.

மறுநாள் காலை மேசையைப் போட்டு, தாளை விரித்து, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். மாடிப்படியில் காலடி கேட்டது. வெளியிலிருந்து மெர்வின் கதவை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு இன்னொரு தடவை. மூன்றாவது தடவையும் இழுத்தார்.

"போட்டிருக்கேன்" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.