முந்திரித் தோப்பில் களப்பயிற்சி

களப்பயிற்சி என்றால் ஒட்டுக்கட்டக் கற்றுக்கொடுப்பார்கள் என்றுதான் மலர்விழி நினைத்திருந்தாள். பிளஸ் டூவில் வேளாண் பிரிவு எடுத்தவர்கள் பக்கத்தில் ஏதாவது ஒரு பண்ணையில் வேலை பழக வேண்டும். பண்ணைக்காரர் கையெழுத்துப் போட்டால் சான்றிதழ் கிடைக்கும். விவசாய டிப்ளமோவுக்கு விண்ணப்பிக்கும்போது அது கைகொடுக்கும் என்று சொல்லியிருந்தார்கள். நிலக்கரிச் சுரங்க நகரியத்துப் பள்ளியில் அந்தப் பிரிவுக்கு மதிப்பு கிடையாது. மார்க் குறைந்தவர்களைத் தள்ளிவிடும் இடம் என்று பெயர். மலர்விழி மட்டும் கேட்டு வாங்கிச் சேர்ந்தவள். வேளாண் அலுவலராகி வயல் வரப்பில் போய் நிற்க வேண்டும் என்பது அவள் ஆசை.

அவளையும் வகுப்புத் தோழன் அசோக்குமாரையும் வடக்குத்து கிராமத்தில் துரைராஜின் முந்திரித் தோப்புக்கு அனுப்பினார் பரமசிவம் சார். இருவருக்கும் அதுவே சொந்த ஊர், ஒரே தெரு. அசோக்கின் அப்பா வேணு சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர். மகனாவது நிலக்கரித் தூசிக்குத் தப்ப வேண்டும் என்று அம்மா பார்வதிதான் அவனை இந்தப் பிரிவில் சேர்த்துவிட்டிருந்தாள்.

முதலில் சில நாட்கள் காய்ந்த கிளைகளை வெட்டிக் குவித்தார்கள். மரங்கள் பூத்து நின்றன. தேயிலைக் கொசு என்னும் சாறு உறிஞ்சும் பூச்சி இறங்கிப் பூங்கொத்துகள் கருகத் தொடங்கியதும் துரைராஜுக்கு நிலைகொள்ளவில்லை. வழக்கமாக மருந்தடிக்கும் ஆட்கள் சுரங்க கான்ட்ராக்டுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

"படிக்கிற புள்ளைங்கதான? இதையும் கத்துக்கங்க" என்று மருந்துப் புட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

புட்டியில் கடும் விஷம் என்பதற்கான சிவப்பு முக்கோணம் இருந்தது. மலர்விழி தயங்கினாள்.

"ஐயா, மூஞ்சிக்கு மாஸ்க்கு, கைக்குக் கிளவுஸு எல்லாம் வேணும்னு புஸ்தகத்துல இருக்குதுங்க."

"எங்கப்பன் காலத்துலேர்ந்து அடிச்சிகினுதான் இருக்கோம். துண்டக் கட்டிகினு அடிங்க. பூச்சி எக்கச்சக்கமா இருக்குது, அளவ ரெண்டு மடங்கா ஊத்து."

அவள் ரெண்டு மடங்காகவே ஊற்றிக் கலக்கினாள். மறுத்துப் பேசினால் கையெழுத்துப் போடமாட்டாரோ என்ற பயம்.

அடித்தது அசோக். முந்திரிக்கு மருந்தை மேல்நோக்கித்தான் அடிக்க வேண்டும். பீய்ச்சியது எல்லாம் கிளைகளில் பட்டு அசோக்கின் தலையிலேயே பனியாக இறங்கியது. காற்று வேறு திரும்பித் திரும்பி அடித்தது. சட்டை தொப்பலாக நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. "குளுகுளுன்னு இருக்குது மலரு" என்று சிரித்தான். உச்சி வெயிலில் தலை வலிக்கிறது என்றான். பிறகு வாந்தி எடுத்தான். வாயில் எச்சில் நிற்காமல் ஒழுகியது, கைத்தசைகள் துடித்தன. மலர்விழி ஓடிவந்து தூக்கியபோது அவன் கண்ணின் கருமணி ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது.

துரைராஜ் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். அவசரப் பிரிவில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "குடிச்சிட்டானா?"

"ஆமாங்க" என்றார் துரைராஜ், மூச்சுக்கூட விடாமல். "தோப்புல வச்சிருந்தத எடுத்துக் குடிச்சிட்டான்."

மலர்விழி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவள் இல்லை என்று சொல்வதற்குள் அசோக்கை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மறுநாள் காலையில் அவன் இறந்துபோனான்.

குடித்துச் செத்தான் என்றால் ஊர் அதற்குக் காரணமும் தேடும். மார்க் குறைந்ததாம் என்றார்கள். நகரியத்துக் குவார்ட்டர்ஸ் பெண் யாரோ வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம் என்றார்கள். துரைராஜ் மாலையோடு வந்து தலைமாட்டில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பரமசிவம் சார் மலர்விழியின் வீட்டுக்கே வந்தார். "போனவன் திரும்பி வரப்போறதில்லம்மா. இது வெளிய தெரிஞ்சா குரூப்பையே மூடிருவாங்க. உனக்குப் பின்னால படிக்கிற பிள்ளைங்க எங்க போகும்?" என்றார். பயிற்சியின்போது ஒருநாள்கூட அவர் தோப்புக்கு வந்து பார்த்ததில்லை.

அவர் போனதும் அப்பா பழனிவேல் மெதுவாகச் சொன்னார். "கலக்கினது நீ. வாயத் தொறந்தா உம்மேலதான் கேஸு வரும். கம்முனு இரு."

மலர்விழி கம்மென்று இருந்தாள். சோறு இறங்கவில்லை. சோப்புப் போட்டு எத்தனை முறை தேய்த்தாலும் விரல்களில் மருந்து நெடி அடிப்பதுபோல் இருந்தது.

கருமாதி முடிந்த மதியம் பார்வதி அவளைக் கூப்பிட்டனுப்பினாள். கூடத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"மலரு, நீ கூடவே இருந்த. எங்கிட்ட சொல்லு. அன்னிக்குக் காலையில செல்லு வாங்கித் தான்னு கேட்டான். உங்கப்பன் உசுர விக்கிறதா, போடான்னு திட்டிட்டேன். அதனாலதான் குடிச்சானா?"

இவள் சாகும்வரை அந்த ஒரு திட்டைச் சுமந்துகொண்டிருப்பாள் என்று மலர்விழிக்குப் புரிந்தது.

"இல்ல அத்த. அவன் குடிக்கல. மருந்து மேல ஊத்திகினே இருந்துச்சி. டாக்டருகிட்ட அவரு பொய் சொல்லிட்டாரு."

"மருந்த யாரு கலக்கினது?"

"நான்தான் அத்த. ரெண்டு மடங்கு ஊத்துன்னாரு. ஊத்திட்டேன்."

பார்வதி அவள் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். மலர்விழி நகரவில்லை. பிறகு பார்வதி தலையை அள்ளி முடிந்துகொண்டு எழுந்தாள்.

"வா. ஸ்டேஷன்ல இத அப்படியே சொல்லு."

சொன்னாள். இன்ஸ்பெக்டர் மாற்றி மாற்றிக் கேட்டார். கலக்கியதையும் மறைக்காமல் சொன்னாள். வயிற்றுக்குள் மருந்து போகவே இல்லை என்று பிரேதப் பரிசோதனை முடிவும் பின்னால் வந்து சேர்ந்தது. துரைராஜைக் கைது செய்தார்கள். முந்திரி விழுந்து முடிவதற்குள் ஜாமீனில் வந்து, அறுவடையைத் தானே நின்று பார்த்துக்கொண்டார். மலர்விழி மேல் வழக்கு எதுவும் வரவில்லை.

பரமசிவம் சார் சொன்னதும் நடந்தது. அடுத்த ஜூனில் வேளாண் பிரிவை மூடிவிட்டார்கள். பிளஸ் ஒன் பிள்ளைகள் பாதியில் வேறு பிரிவுக்கு மாறி, படித்த பாடத்தை விட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. அவர்களைப் பெற்றவர்கள் மலர்விழியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சான்றிதழ் இல்லாமல்தான் அவள் டிப்ளமோவுக்கு விண்ணப்பித்தாள். இடம் கிடைக்கவில்லை. இப்போது நகரியத்தில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். அடுத்த வருடம் மறுபடியும் விண்ணப்பிக்கப் போவதாகச் சொல்கிறாள்.

வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தா அன்று பார்வதியும் அவளும் ஒரே பஸ்ஸில்தான் கோர்ட்டுக்குப் போகிறார்கள். ஸ்டேஷனுக்குப் போன நாளுக்குப் பிறகு பார்வதி அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. முதலிலேயே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொள்வாள். யார் கேட்டாலும் ஆள் வருது என்பாள். மலர்விழி ஏறியதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்க்கத் தொடங்குவாள்.