லாசர் பெயர் ஒட்டிய சொட்டு மருந்து

தனசீலன் அண்ணாச்சி சாப்பிட்ட கையைக் கழுவ மாட்டார். கர்ச்சீப்பில் துடைத்து, அதையே மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். பார்க்கவே எனக்குக் குமட்டும். ஆனால் பம்பாய்த் தாராவியில் எங்கள் சந்தில் அவருக்கு ராஜமரியாதை. துபாய்க்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட், போதாததற்கு மாதா கோயில் கமிட்டியிலும் இருந்தார். என் தம்பி ஜெபராஜின் பாஸ்போர்ட் பதினோரு மாதமாக அவர் பெட்டியில் கிடந்தது. ஆகவே நானும் பல்லைக் கடித்துக்கொண்டு அவருக்குச் சோறு போட்டேன்.

எண்பத்து நாலாம் வருஷம் அது. என் வீட்டுக்காரர் லாசர் தோல்பை தைக்கிறவர். அவர் வலது கண் சிவந்து, வெளிச்சம் பட்டால் கூசி, பார்வை புகையாகிவிட்டது. முதலில் மாத்திரை கொடுத்தார்கள். முகம் பன் மாதிரி ஊதி, சர்க்கரை ஏறியது. பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் விசாலாக்ஷி டாக்டர், மாட்டுங்கா ஐயர் வீட்டம்மா, கண்ணுக்குள்ளேயே மருந்து வைக்க ஆரம்பித்தார். வெள்ளை விழியின் தோலுக்கடியில் ஊசி நுழைவதை லாசர் தலையைப் பிடித்தபடி பார்த்தேன். கண் தெளிந்தது. வீட்டில் விடுவதற்குச் சொட்டு மருந்தும் தந்தார்கள்.

"கூர்க்கா வீட்டுக்காரனையே அடிச்சா என்ன பண்றது? இவருக்கு அதான் நடக்கறது, உடம்பே கண்ணை அடிக்கறது," என்றார் டாக்டர். "மாத்திரை கொடுத்தா ஊர்ல இருக்கற கூர்க்கா எல்லாரும் தூங்கிடுவா. இது இந்த ஒரு வாசல் கூர்க்காவை மட்டும் தூங்கப் பண்ணும். வேற யார் கண்ணிலயும் விடப்படாது. அங்கே நிஜத் திருடன் இருந்தா கண்ணே போயிடும்."

ஜூலை மழையில் சந்து முழுக்கக் கண்வலி. தனசீலனின் ஆட்கள் ஏழு பேருக்குத் திங்கட்கிழமை மெடிக்கல். கண் சிவந்திருந்தால் தள்ளிவிடுவார்கள். அவர் லாசரின் வெளுத்த கண்ணைப் பார்த்தார்.

"இருதயமேரி, அந்தச் சொட்டு மருந்தத் தா. ஒரு நாளைக்குக் கண்ணு வெள்ளையா இருந்தாப் போதும்."

"யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காவ அண்ணாச்சி."

"ஜெபராஜ் பேப்பரையும் இந்த வாரம் உள்ள தள்ளலாம்னு பாக்கேன்," என்றார், பல்லைக் குத்திக்கொண்டே.

கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, ஏழு பேரையும் பலகையில் வரிசையாக உட்காரவைத்தார். இமையோரம் மஞ்சள் பீளை. ஒவ்வொரு கண்ணையும் கறி தின்ற விரலால் பிரித்தார். பாட்டில் முனை ஒருவன் பீளையைத் தொட்டுவிட்டு அடுத்தவன் இமைக்குப் போனது. வழிந்ததை எல்லாம் அந்தக் கர்ச்சீப்பால் துடைத்தார். சீ, மனுஷன்தானா என்று இருந்தது.

கடைசி ஆள் முகம்மது ஹனீப், தோல் பட்டறையில் தோல் சுரண்டுகிறவன். "எனக்குக் கண்வலி இல்ல அண்ணாச்சி. சுரண்டும்போது ஒரு மயிரு குத்திட்டு," என்றான்.

"செவப்புன்னா எல்லாம் ஒண்ணுதாம்ல," என்று அவன் கண்ணிலும் சொட்டு விட்டார் தனசீலன்.

டாக்டர் சொன்ன திருடன் இதுதான் என்று எனக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

ஏழு பேரும் பாஸ். தனசீலன் சந்தெல்லாம் அல்வா கொடுத்தார். மெடிக்கல் முடிந்த பிறகும் ஹனீப் தினம் என் வாசலுக்கு வந்தான். சொட்டு விட்டால் உறுத்தல் அடங்குகிறதாம். பாட்டில் என்னிடம் திரும்பியிருந்தது; நானே விட்டேன். லாசருக்கு மட்டும் ஆஸ்பத்திரியில் வேறு பாட்டில் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்தப் பழைய பாட்டில் முனை அவர் கண்ணில் படுவது எனக்கு அருவருப்பாக இருந்தது.

ஒரு புதன்கிழமை ஹனீபின் கருவிழியில் பச்சரிசி அளவுக்கு வெள்ளை விழுந்திருந்தது. "சனிக்கிழமை டாக்டரம்மாகிட்டப் போவம்," என்றேன்.

சனிக்கிழமை தனசீலனும் ஒட்டிக்கொண்டு வந்தார். விசாலாக்ஷி டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "கண்ணுல என்ன விட்டே?"

"பன்னீர்தான் டாக்டர்," என்று முந்திக்கொண்டார் தனசீலன். ஹனீப் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆமா," என்றான்.

நான் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தேன். அதில் ஒட்டியிருந்த ஆஸ்பத்திரிச் சீட்டில் லாசரின் பெயர் இருந்தது. தனசீலன் வெளியே நழுவினார்.

டாக்டர் சீட்டைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். தனசீலனின் கர்ச்சீப்பை நான் பார்க்கும் பார்வை அது. எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார்.

"பூஞ்சை பிடிச்சிருக்கு. இந்த மருந்து அதுக்குச் சோறு போட்டு வளத்திருக்கு. வெள்ளை எப்போ தெரிஞ்சுது?"

"புதன்கிழமை."

"புதன்கிழமையே வந்திருந்தா..." என்றவர் பேனாவைத் திறந்தார். அட்மிஷன் சீட்டு எழுதினார்.

வார்டில் கண்ணைக் கட்டிப் படுக்கவைத்தார்கள். ஹனீப் என் பக்கம் திரும்பினான்.

"ஒங்க தம்பிக்கு விசா வந்திட்டாக்கா?"

"வந்துட்டுப்பா," என்றேன்.

"என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை."

புதன், வியாழன், வெள்ளி என்று அவன் விரல் மடக்கினான்.

"நல்லதுக்கா," என்றான். "ஒருத்தராவது போட்டும்."