கருச்சாமிக்கு மூச்சிரைத்த கதை

லூகாங் கோயிலில் இருக்கும், கடலோடிகளைக் காக்கும் மாட்சூ அம்மன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூட நான் கூட்டியதில்லை. குறைத்தது உண்டு. அதுவும் நீங்கள் நம்பமாட்டீர்களே என்றுதான்.

என் மருமகள் வான்-ஜென்னுக்குச் சிறு வயதிலிருந்தே ஆஸ்துமா. காலையும் மாலையும் இன்ஹேலரை வாயில் வைத்து இழுத்துவிட்டால் போதும், மீன் சந்தையில் அரை நாள் பேரம் பேசுவாள். பிள்ளை உண்டானதும் அதை நிறுத்திவிட்டாள். மருந்தால் குழந்தைக்கு உதடு பிளந்துவிடும் என்று யாரோ சொன்னார்களாம். அந்த யாரோ என் மனைவி பிக்-ஹா.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில், கருவைக் காக்கும் கருச்சாமி குடியிருப்பார். இன்று கட்டிலில் இருந்தால் நாளை அடுப்பில், மறுநாள் வாசற்கதவில். அவர் இருக்கும் இடத்தில் ஆணி அடித்தாலோ கத்தரிக்கோலை எடுத்தாலோ பிள்ளைக்கு ஊனம். 'புஸ்' என்று இன்ஹேலரை அழுத்தினாலும் சாமி திடுக்கிடுவார் என்பது பிக்-ஹா தானாகச் சேர்த்த சட்டம். பிள்ளை நல்லபடி பிறக்கவென்று வேளைக்கு ஒரு கைப்பிடி ஊதுபத்தி வேறு. அந்தப் புகையில் எதிரே நிற்பது மகனா அலமாரியா என்று தெரியாமல் அலமாரியிடம் இரண்டு முறை நலம் விசாரித்தேன். மகன் கோபித்துக்கொண்டான்.

வான்-ஜென்னின் நெஞ்சு துருத்திபோல் இரைந்தது. ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டரம்மா என் சட்டையை மோந்து பார்த்து, "தீயணைப்புல வேலையா?" என்று கேட்டுவிட்டு அவளிடம் திரும்பினார்.

"மருந்து உன் நுரையீரலுக்குப் போகுது, பிள்ளைகிட்ட போறது சொற்பம். நீ மூச்சுக்குத் தவிச்சா பிள்ளைக்கும் காத்து குறையும். பயப்பட வேண்டியது திணறலுக்குத்தாம்மா, மருந்துக்கு இல்ல. நீயா எதையும் நிறுத்தாதே."

வழியில் வான்-ஜென் நின்று நின்று பேசினாள். "டாக்டர் ஒண்ணு சொல்றாங்க... அத்தை ஒண்ணு சொல்றாங்க. குழந்தைக்கு ஏதாவது ஆயிட்டா... என்னைத்தானே கேப்பாங்க மாமா?"

அவள் பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டு மெல்ல நடந்தேன்.

மறுநாள் காலை கஞ்சி வைக்கப் போனால் அடுப்பின் மேல் கருச்சாமி. சேப்பங்கிழங்கு அளவுதான் இருந்தார். தாடியெல்லாம் கரி.

"பெரியவரே," என்று இரைத்தார், "இந்த வீட்ல ஜன்னல்னு ஒண்ணு இருக்கா?"

"இருக்கு சாமி. திறந்தா நீங்க திடுக்கிடுவீங்கன்னு..."

"ஆணி அடிச்சாக்கூடப் பொறுத்துப்பேன்யா. எத்தனையோ வீட்ல குடியிருந்திருக்கேன், கருவாடா ஆனது இங்கதான். அந்தப் பொண்ணு மூச்சு விட்டாத்தானே நான் விட முடியும்?"

மருமகளின் இன்ஹேலரை எடுத்து வந்து அவர் வாயருகே வைத்து அழுத்தினேன். 'புஸ்'. சாமி திடுக்கிடவில்லை. ஒரு கிண்ணம் சாம்பலைத் தும்மிவிட்டுச் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டார்.

பிக்-ஹாவிடம் சொன்னேன். "காலங்காத்தால ஊத்திக்கிட்டீங்களா?" என்றாள்.

"நம்பலேன்னா கட்டையைப் போட்டுக் கேளு."

பிறைக்கட்டை இரண்டில் ஒன்று மல்லாந்தும் ஒன்று குப்புறவும் விழுந்தால் சாமி ஆமாம் என்கிறார். தொடர்ந்து மூன்று முறை விழவேண்டும். "மருந்து எடுக்கலாமா, பத்தியை நிறுத்தலாமா?" என்று கேட்டுப் போட்டாள். ஆமாம். மறுபடியும் ஆமாம். மூன்றாம் முறை கட்டைகள் தரைக்கு வரவில்லை. நேரே பறந்து போய் ஜன்னல் கொக்கியைத் தட்டித் திறந்துவிட்டு, பிறகு சாவகாசமாக விழுந்து ஆமாம் என்றன.

பிக்-ஹா ஊதுபத்திக் கட்டுகளை எடுத்துப் பரணில் போட்டாள். என்னிடமிருந்து இன்ஹேலரை வாங்கி மருமகள் கையில் வைத்தாள். "இந்தா, இழு. சாமி உத்தரவு."

"டாக்டர் சொன்னதும் இதேதான் அத்தை."

"சொல்லட்டும். சாமிகிட்ட கேட்டுத்தான் சொல்லியிருப்பா."

வான்-ஜென் இழுத்தாள். அன்று மதியம் ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் பேசினாள். அது என் சமையலைப் பற்றிய வசவு. அதற்குப் பிறகு ஒரு வேளைகூட மருந்தைத் தவறவிடவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. தாதி கையில் கொடுத்ததும் வான்-ஜென் முதலில் உதட்டைத்தான் விரலால் தடவிப் பார்த்தாள். முழு உதடு. குழந்தை போட்ட அழுகையைப் புயல் எச்சரிக்கைச் சங்கென்று நினைத்து மீன்படகுகள் எல்லாம் கரைக்குத் திரும்பிவிட்டன.

நாங்கள் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டுக்குள் ஊதுபத்தியோ பிறைக்கட்டையோ வந்ததே இல்லை. மாட்சூ அம்மன் மேல் துணிந்து ஆணையிட்டது அதனால்தான்.