ஆறாம் எண் காலணி

செருப்புக் கடையின் இரும்புக் கதவு மேலேறி முதல் வாடிக்கையாளர் உள்ளே வருவதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது, தன் காலில் இருப்பது தன் ஷூ அல்ல என்று. முந்தைய மாலைதான் நிர்வாகம் ஊழியர் அனைவருக்கும் ஒரே மாதிரியான புதிய கறுப்பு ஷூக்களை வழங்கியிருந்தது. எல்லோரும் போன பிறகு ஓய்வறையைத் தாழிட்டுக்கொண்டு, தன் ஜோடியின் உள்ளட்டையைப் பிய்த்தெறிந்துவிட்டு, மருத்துவமனையில் அவள் பாதத்தை அச்செடுத்துச் செய்து கொடுத்த இன்சோலை அதற்குள் பொருத்திப் பெட்டியை மூடி அலமாரியில் வைத்தாள். பெட்டியின்மேல் அடையாளம் எதுவும் போடவில்லை; போட்டால் ஏன் என்று ஒருத்தி கேட்பாள். இன்று காலை அலமாரியில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு ஆறாம் எண் பெட்டி. மாட்டிக்கொண்டு நாலடி வைத்தாள். வெறும் அட்டை. குதிகாலில் ஆணி இறங்கியதுபோல் வலித்தது.

யார் எடுத்தது என்று கேட்டால் போதும். அந்த ஒரு கேள்வியைத்தான் அவளால் கேட்க முடியவில்லை. ஏனெனில் அவள் அந்தத் தளத்தின் மேற்பார்வையாளர். முதுகுக்குப் பின்னால் எல்லோரும் அவளுக்கு வைத்திருந்த பெயர் நேர்கோடு. பத்து நிமிடம் வந்து போகிறவர்களுக்கு மெத்தை வைத்த இருக்கைகள். பத்து மணி நேரம் விற்கிறவர்களுக்கு வழுவழுப்பான தரை! உலகத்தின் பாதங்களுக்கெல்லாம் சொகுசு தேடித் தருகிற அந்தக் கூடத்தில், தேடித் தருகிறவர்களின் பாதங்களை நினைக்க ஒரு நாதி இல்லை. அந்த அநீதியை முதலாளி செய்திருந்தால் அவரைச் சபித்துவிட்டு ஆறியிருக்கலாம். முன்பு அங்கே முக்காலிகள் கிடந்தன. பதவி உயர்வு கிடைத்த வாரத்தில் அவற்றைக் கிடங்குக்கு அனுப்பச் சொன்னவள் அவள். நின்று நின்றே மேலே வந்தவள் அவள்.

போன மாதம் குழந்தைகள் பிரிவுக்காரி, காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும், தயங்கித் தயங்கி ஒரு முக்காலி கேட்டாள்.

“குதிகால் வலியா? எனக்கு மட்டும் என்ன மரக்காலா? நான் உட்கார்ந்து நீ பாத்திருக்கியா?” என்றாள் நேர்கோடு.

கூட்டம் சிரித்தது. கேட்டவளும் சேர்ந்து சிரித்துவைத்தாள். அன்று விடியலில் கட்டிலை விட்டு இறங்கிய நேர்கோடு, பாதத்தை ஊன்ற முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். “என்னம்மா, தரை சுடுதா?” என்று கணவர் கேலி பேசியதும், பிறகு கேலியை விட்டுத் தோள் கொடுத்து நடத்திப் போனதும் அந்தக் கூட்டத்தில் யாருக்குத் தெரியும்? மறுநாளே விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனாள். மிருதுவான நுரைப்பலகையில் அவள் பாதத்தை அழுத்தி எடுத்த மருத்துவர், “தினமும் கொஞ்ச கொஞ்சமா போட்டுப் பழகுங்க. இது உங்க காலுக்கு மட்டும்தான். வேற ஆள் போட்டா இருக்கிற வலி போகாது, புதுசா வலி சேரும்” என்றார்.

மதியத்துக்குள் அந்த வேறு ஆள் யார் என்பது தெரிந்துபோயிற்று. குழந்தைகள் பிரிவுக்காரி அலமாரியைப் பிடித்துப் பிடித்து நடந்தாள்.

“என்னடி, ஷூ போட்டியா, ஷூ உன்னைப் போட்டுச்சா?” என்றாள் பில் போடுகிறவள்.

“உங்களுக்கெல்லாம் நடுவுல மேடாவா இருக்கு?”

“இல்லையே. எனக்குத் தட்டையாத்தான் இருக்கு.”

“அப்போ என் காலுதான் கோணல்போல.”

பெல்ட் அடுக்கின் மறைவில் நின்ற நேர்கோட்டுக்கு அது காதில் விழுந்தது. தன் ஷூவின் குற்றத்தை ஒருத்தி தன் காலின் குற்றமாக ஏற்றுக்கொள்கிறாள்! இப்போதே சொல்லிவிடுவது என்று துணிந்து அருகே போனாள். வாயைத் திறந்தாள். பல வருடப் பழக்கம் முந்திக்கொண்டது. “நேரா நில்லு” என்றாள். குழந்தைகள் பிரிவுக்காரி நிமிர்ந்து நின்றாள். நெற்றி ஓரத்தில் வியர்வை பொடித்திருந்தது.

மாலையில் கடை மேலாளர் சுற்றி வந்தார். நொண்டுகிற நடை அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

“இந்தம்மாவ வச்சு எப்படிம்மா ஓட்டுறீங்க? நிக்கத் தெரியாதவங்களுக்கு இங்க இடமில்லன்னு சொன்னவங்களே நீங்கதானே? இதோட அனுப்பிடலாமா?”

“சார், இன்னிக்குத்தான் சார் இப்படி. நேத்து வரைக்கும் தாங்கிட்டேன். நாளைக்குச் சரியாயிடும் சார்.” அவள் மேலாளரிடம் பேசினாள்; கண்கள் மட்டும் நேர்கோட்டைக் கெஞ்சின.

ஒரு குடும்பத்தின் சோறு தன் நாக்கின் நுனியில் தொங்குவதை நேர்கோடு உணர்ந்தாள். அப்போதும் முழு உண்மை வெளியே வரவில்லை. வெட்கம் அதைப் பாதியாக நறுக்கித்தான் வெளியே விட்டது.

“அவ மேல தப்பில்ல சார். ஷூ மாறிப்போச்சு. அளவு சரியில்ல.”

“ஆறுதானே மேடம் போட்டிருக்கு?”

வெகுளியாகக் கேட்டுக்கொண்டே குழந்தைகள் பிரிவுக்காரி குனிந்து, அடியில் இருந்த எண்ணைக் காட்ட ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தாள். இன்சோல் நழுவித் தரையில் விழுந்தது. குதிகாலுக்குக் குழிவும் நடுவில் மேடுமாக, ஒரு பாதத்தின் அந்தரங்கம் முழுவதும் விளக்கு வெளிச்சத்தில் மல்லாந்து கிடந்தது. பில் போடுகிறவள் எட்டிப் பார்த்தாள். மேலாளர் புருவத்தைச் சுருக்கினார்.

“இது யாரோடது?”

“என்னோடது” என்றாள் நேர்கோடு.

குழந்தைகள் பிரிவுக்காரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். ஏதோ கணக்கு உதைப்பதுபோல் இன்சோலையும் நேர்கோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில்,

“அப்போ, அன்னிக்கு நான் முக்காலி கேட்டப்ப… உங்களுக்கும் வலிச்சுட்டுத்தான் இருந்துச்சா மேடம்?” என்றாள்.

நேர்கோடு கண்ணைத் தாழ்த்தினாள். கேட்டவள் ஒற்றைக் காலில் நின்று, கழற்றிய காலைத் திருப்பி, உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அங்கே, தோல் கன்றிச் சிவந்து, ஒரு வளைவு பதிந்திருந்தது. கட்டைவிரலால் எவ்வளவு அழுத்தித் தேய்த்தும் அது மறையவில்லை. கைபட்ட இடத்தில் ஒரு கணம் வெளுத்து, மீண்டும் அதே வடிவில் சிவந்துகொண்டிருந்தது.