துவைக்கக் கூடாத சட்டை

டிராகன் கொட்டிலில் எல்லாருக்கும் மனப்பாடமான சட்டம் ஒன்றுதான்: சவாரிக்காரியின் கம்பளிச் சட்டையைத் துவைக்கக் கூடாது. டிராகனுக்குக் கண்ணைவிட மூக்கின் மேல்தான் நம்பிக்கை. ஒருத்தி போய்விட்டால் அவள் சட்டையை அடுத்தவள் போட்டுக்கொள்வாள். பழைய வாசனையை நம்பித்தான் டிராகன் புதியவளை முதுகில் ஏற்றும்.

அந்தச் சட்டையை, அதுவும் போருக்குப் போகிற காலையில், சவுக்காரம் போட்டு வெளுத்துக் கொடியில் காயப்போட்டிருந்தாள் மாமியார்.

மருமகள் அதை ஈரத்தோடு மாட்டிக்கொண்டு கொட்டிலுக்கு ஓடினாள். ஊரே ‘பெரியவள்’ என்று கூப்பிடும் அந்த டிராகன் ஒரு தடவைதான் மோந்தாள். உடனே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். உச்சிப்பொழுதுக்குள் ஆற்றுப் பாலத்தை எரிக்காவிட்டால் எதிரிப்படை ஊருக்குள் வந்துவிடும். மிச்சமிருக்கிற டிராகனோ இவள் ஒருத்திதான்.

தளபதி தலையில் அடித்துக்கொண்டாள். “மாமியார் வேலை! மருமக பேரு வாங்கிடக் கூடாதுன்னு வயித்தெரிச்சல், வேறென்ன?”

டிராகனுக்குத் தீனி போடுகிறவள் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

மருமகளுக்கும் பற்றிக்கொண்டுதான் வந்தது. சட்டை நாத்தனாருடையது. பல வருடம் பெரியவளை ஓட்டியவள். போன குளிர்காலப் போரில் பெரியவள் திருப்பிக் கொண்டுவந்தது அவள் உடம்பை மட்டும்தான். மகளின் சட்டையை அத்தனை வருடம் மூக்கைப் பிடித்துக்கொண்டு மடித்து வைத்த தாய்க்குச் சட்டம் தெரியாதா என்ன? தெரிந்தேதான் செய்திருக்கிறாள்.

மாமியார் கொட்டில் வாசலிலேயே நின்றிருந்தாள். சவுக்காரத் தண்ணீரில் ஊறி அவள் விரல்கள் வெளிறிக் கிடந்தன.

“ஏன் அத்தை இப்படிப் பண்ணீங்க? ஊரே போயிடுமே!”

“போகட்டும்.”

“அத்தை!”

“ஊருக்குன்னு ஒருத்தியைக் குடுத்தாச்சு. அந்த வாசனை இருக்கிற வரைக்கும் பெரியவ உன்னையும் ஏத்திக்கிட்டுப் போவா. அதான் போக்கிட்டேன்.”

மருமகள் ஈரச் சட்டையின் கையை மோந்து பார்த்தாள். “அவங்க வாசனை அது ஒண்ணுலதானே இருந்துச்சு?”

“ஆமா. முகத்துல வச்சு அழுது தீர்த்துட்டுத்தான் தண்ணியில முக்கினேன். போனவ வாசனைக்காக இருக்கிறவளையும் விடச் சொல்றியா?”

இவ்வளவு பெரியதை யாரும் மருமகளுக்காக இழந்ததில்லை. அத்தையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் பாலத்துக்கு அப்பால் முரசுச் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. ஊரில் எந்த வீட்டை எடுத்தாலும் ஒரு மகளோ மருமகளோ இருந்தாள்.

ஈரச் சட்டையைக் கழற்றி மாமியார் கையில் கொடுத்தாள். வியர்த்து நாறிய உள்சட்டையோடு பெரியவளின் மூக்குக்கு நேராகப் போய் நின்றாள். கடித்தால் கடிக்கட்டும். இத்தனை மாதமாக நாத்தனார் வாசனைக்கு அடியில் இவள் வியர்வையும் சேர்ந்து ஊறிக்கொண்டுதானே இருந்தது!

பெரியவள் அவள் கழுத்தை மோந்தாள், கக்கத்தை மோந்தாள். அவசரமே படவில்லை. கடைசியில் ஒரு பெருமூச்சு விட்டு இறக்கையைத் தாழ்த்திக் கொடுத்தாள். தளபதி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேவிட்டாள்.

சேணத்தில் ஏறி உட்கார்ந்த மருமகள், கழுத்தில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துக் கீழே நீட்டினாள். “இதை வச்சுக்குங்க அத்தை. துவைக்காதீங்க.”

மாமியார் வாங்கவில்லை. சேணத்துப் படியில் கால் வைத்து, மூச்சு வாங்க மேலே ஏறினாள். துண்டைப் பிடுங்கி மருமகளின் கழுத்திலேயே இறுக்கிச் சுற்றினாள்.

“துணியை வச்சுக்கிட்டு நான் என்னடி பண்றது? நீ ஆளா வந்து சேரு.”